ஒன்றைத் தாண்டாத கூட்டுத்தொகை

9-6-1986 — 0.98
21-10-1988 — 1.02
12-8-1991 — 0.97
18-8-1991 — 1.03
22-8-1991 — 1.04
23-8-1991 — 0.91

இந்த ஆறு எண்களும் ரேணுகாம்பாளின் கையெழுத்தில், நீல மையில், மூன்று நோட்டுகளில் இருக்கின்றன. ஒன்றைத் தாண்டியவை மூன்று. அவற்றைச் சுற்றி அவரே சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறார். முதல் வட்டம் ஒரு விரல் சந்தனத்தால் வந்தது. மற்ற இரண்டும் வந்திராவிட்டால் அவருடைய இருபத்துமூன்று நோட்டுகளும் பழைய பேப்பர் கடைத் தராசில் ஏறியிருக்கும்.

ரேணுகாம்பாள் 1960-இல் இரும்புலியூரில் பிறந்தவர். அப்பா வேதாசலம் ஏரிப் பாசனத்தில் நெல் போட்டவர். 1978-இல் நிலத்தை மனை போட்டு விற்றபோது, சர்வேயரின் சங்கிலிக்கு மறுமுனையைப் பிடித்தவர் பதினெட்டு வயது ரேணுகாம்பாள். அன்று மட்டும் ஒரே எல்லையை மூன்று முறை அளக்கச் சொல்லி சர்வேயரை வியர்க்க வைத்ததாக வீட்டில் இன்றும் சொல்வார்கள். வந்த பணத்தில் அண்ணன் வியாபாரம் தொடங்கினார். தங்கையான ரேணுகாம்பாள் அடம்பிடித்து தரமணியில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தார். முடிச்சூர் சாலையில் மணலும் ஜல்லியும் விற்கும் சிட்டிபாபுவைக் கல்யாணம் செய்துகொண்டபோது அவர் வைத்த ஒரே நிபந்தனை, வேலைக்குப் போவேன் என்பதுதான்.

1986 ஜூன் 9, திங்கட்கிழமை, குரோம்பேட்டையில் ஒரு சிறிய கம்பெனியில் அளவு மேசைக்கு வேலைக்குச் சேர்ந்தார். டி.வி. பெட்டிகளுக்குள் வைக்கும் பில்டர்களைச் செய்கிற கம்பெனி அது. பில்டர் என்பது தீப்பெட்டி அளவு தகரப் பெட்டி. உள்ளே கம்பிச் சுருள்களும் கண்டென்சர்களும் மட்டும். வேண்டிய அலையை விடும், வேண்டாததைத் தடுக்கும். பாட்டரி கிடையாது, டிரான்சிஸ்டர் கிடையாது. ஆகவே ஒரு பக்கம் எவ்வளவு சக்தி கொடுக்கிறோமோ, அதில் கொஞ்சம் மறுபக்கம் போகும், கொஞ்சம் மோதித் திரும்பும், மிச்சம் உள்ளேயே சூடாகி அழியும். கொடுத்ததை ஒன்று என்று வைத்துக்கொண்டால், போனதையும் திரும்பியதையும் கூட்டினால் ஒன்றைத் தாண்டவே கூடாது. இப்படிப்பட்ட பெட்டியை இன்ஜினியர்கள் பாஸிவ் என்பார்கள். விஷயத்தைக் கேட்டதும் சிட்டிபாபு வைத்த பெயர் சாதுப் பெட்டி.

"ஒரு லாரி மணல் ஏத்தினா ஒன்னேகால் லாரி எறங்குமா? என் சர்வீஸ்ல கொறஞ்சுதான் எறங்கிகீது. இதுக்குப் போயி டிப்ளமோவா?" என்றார்.

"கொறஞ்சது எவ்வளவுன்னு உங்களால சொல்ல முடியுமா?" என்று ரேணுகாம்பாள் கேட்டார். சிட்டிபாபு சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

கம்பெனியில் யாரும் சொல்லாமலே அவர் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். காலையில் முதல் வேலையாக, பில்டரை மாட்டாமல் வெறும் கேபிளையே அளப்பார். கேபிள் வாங்கியதைக் கிட்டத்தட்ட முழுதாக மறுமுனையில் தரவேண்டும்: 0.97-க்குக் குறையாமல், ஒன்றைத் தாண்டாமல். அந்த எண்ணைத் தேதியோடு எழுதிய பிறகுதான் அன்றைய முதல் பில்டர் மேசைக்கு வரும். சேர்ந்த அன்று வந்த எண் 0.98.

1988-இல் ஆயுத பூஜையும் விஜயதசமியும் முடிந்து வெள்ளிக்கிழமை கம்பெனி திறந்தபோது வெறும் கேபிள் 1.02 என்றது. கேபிள் சக்தி உற்பத்தி செய்யாது. ரேணுகாம்பாள் எண்ணை எழுதினார், வட்டம் போட்டார், கீழே "இன்று அளவு இல்லை" என்று எழுதிவிட்டு மீட்டரைக் கழற்ற உட்கார்ந்தார். அன்று லாரியில் ஏறவேண்டிய நானூறு பில்டர்கள் நின்றன. முதலாளி தட்சிணாமூர்த்தி நாலு முறை வந்து சத்தம் போட்டார். மாலை நான்கு மணிக்குக் காரணம் கிடைத்தது. காயில் எனும் கம்பிச் சுருள் சுற்றும் பிரிவிலிருக்கும் செல்வமேரி, பூஜையன்று எல்லா மிஷினுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவர், மீட்டருக்கு நெற்றி எது என்று தெரியாமல் முன்னால் நீட்டிக்கொண்டிருந்த வாயிலேயே சந்தனத்தை அப்பியிருந்தார். எவ்வளவு கொடுக்கிறோம் என்பதை அளக்கிற வாய் அது. சந்தனம் அடைத்ததால் கொடுத்தது குறைவாகத் தெரிந்தது. அதனால் வெளியே வந்தது, கொடுத்ததைவிட அதிகமாகத் தெரிந்தது.

"வேதக்காரி நானே பக்தியா வெச்சேன்கா, உங்க மீட்டருக்குத்தான் கொடுத்து வைக்கல" என்றார் கிறிஸ்தவரான செல்வமேரி. அடுத்த ஆண்டிலிருந்து பூஜைக்கு முன்பே ரேணுகாம்பாள் மீட்டரின் வாயைத் துணியால் கட்டிவிடுவார்.

இப்படியே ஐந்து ஆண்டுகளில் இருபத்துமூன்று நோட்டுகள் நிரம்பின.

1990-இல் கம்பெனிக்கு கம்ப்யூட்டர் வந்தது. அதற்கென்று கண்ணாடிக் கதவு போட்ட குளிர் அறை. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். சாவி புது இன்ஜினியர் பாலகுருவிடம். இருபத்தாறு வயது, கெட்டிக்காரர், கர்வம் அதிகம் இல்லை. அவருடைய வேலை, ரேணுகாம்பாள் அளந்த எண்களை வைத்து பில்டருக்கு ஒரு காகித நகல் செய்வது. அதற்கு மாடல் என்று பெயர். 30 மெகா ஹெர்ட்ஸிலிருந்து 45 வரை, அரை அரையாக, முப்பத்தொரு இடங்களில் ரேணுகாம்பாள் அளந்து கொடுப்பார். அந்த முப்பத்தொரு அளவுகளின் வழியாகவும் போகிற மாதிரி பாலகுரு ஒரு சூத்திரம் கட்டுவார். வாங்குகிற கம்பெனி அந்தச் சூத்திரத்தைத் தன் கம்ப்யூட்டரில் போட்டு, முழு டி.வி.யும் எப்படி வேலை செய்யும் என்று செய்யாமலே பார்த்துக்கொள்ளும்.

1991 ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை, பெங்களூரில் இருந்த அப்படி ஒரு கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது. உண்மையான பில்டரை வைத்தால் டி.வி. ஒழுங்காக ஓடுகிறது, உங்கள் மாடலை வைத்தால் கணக்கில் மின்னழுத்தம் நிற்காமல் ஏறிக்கொண்டே போகிறது, காரணத்தை 24-ஆம் தேதிக்குள் எழுதவும், அதுவரை ஆர்டர் நிறுத்தி வைக்கப்படுகிறது.

தட்சிணாமூர்த்தி இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"பாலு, உன் பக்கம் சரியா இருக்கா?"

"முப்பத்தோரு இடத்துலயும் கூட்டிப் பார்த்துட்டேன் சார். மாடல் ஒரு இடத்துலகூட ஒன்னைத் தாண்டல. மேடம் குடுத்த அளவு மேலேயே அச்சு மாதிரி போகுது. அப்ப அளவுலயே ஏதாவது இருக்கணும்."

முதலாளி ரேணுகாம்பாள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, மனுஷக் கைதானே. தப்பு வரும். கம்ப்யூட்டரா தப்பு பண்ணும்?"

"என் கை தப்புன்னா எந்தத் தேதி, எந்த வரின்னு காட்டுங்க சார்."

"அதையெல்லாம் தேடிக்கிட்டு உக்கார எனக்கு நேரம் இல்லம்மா."

அவர் முடிவு செய்துவிட்டார். அளவில் பிழை என்று ஒப்புக்கொண்டு 24-ஆம் தேதி, சனிக்கிழமை, கடிதம் போகும். எல்லா பில்டர்களையும் வெளியே கொடுத்துப் புதிதாக அளப்பார்கள். பழைய நோட்டுகள் இனி யாருக்கும் பயன்படாது, பேப்பர் கடைக்குப் போகலாம். ரேணுகாம்பாள் 26-ஆம் தேதி முதல் காயில் பிரிவுக்கு.

காயில் பிரிவு ஒன்றும் மட்டமான இடம் இல்லை. செல்வமேரியின் கைச் சுருளுக்கு ஈடு அந்த வட்டாரத்திலேயே கிடையாது. சம்பளமும் குறையப் போவதில்லை. ஆனால் ஐந்து ஆண்டுகள் ஒரு நாள் விடாமல் எழுதிய எண்கள் பொய் என்று ஊருக்குக் கடிதம் போகப்போகிறது. அதைத்தான் ரேணுகாம்பாளால் தாங்க முடியவில்லை. கடிதம் வந்த அன்று காலை கேபிள் 0.97. மாடலுக்காக ஏப்ரலில் அளந்த நாளின் பக்கத்தை எடுத்துப் பார்த்தார், அன்று 0.98. அந்த வாரம் முழுவதும் அதே பில்டரை முப்பத்தொரு இடங்களிலும் மறுபடி அளந்தார். பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் நூறில் ஒன்றுகூட வித்தியாசம் இல்லை. முதலாளி அதைப் பார்த்துவிட்டு, "அதே கை, அதே மீட்டர். அதே தப்புதானே வரும்?" என்றார். அது நியாயமான கேள்வி என்றுதான் ரேணுகாம்பாளுக்கும் பட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் அவரும் செல்வமேரியும் வழக்கம்போல் குரோம்பேட்டையில் தாம்பரம் வண்டி ஏறினார்கள். சானடோரியம் ஸ்டேஷன் தாண்டி, தாம்பரத்துக்குக் கொஞ்சம் முன்னால், சிக்னலுக்காக வண்டி ஊர்ந்தது. ஏழெட்டுப் பேர் தண்டவாளத்தில் குதித்து ஜல்லியில் நடந்து போனார்கள்.

"அந்த ஆள பாருங்கக்கா. வெள்ள சட்ட, வெள்ள பேண்ட்டு, கையில பெட்டி. டிக்கெட்டு மட்டும் வாங்க மாட்டாரு" என்று செல்வமேரி சிரித்தார்.

"மாட்டிக்க மாட்டாங்களா? படிக்கட்டுகிட்ட செக்கர் நிக்கிறாரே."

"அவுரு எங்க நின்னுகினு கீறாரு? ஸ்டேஷன்ல. டிக்கெட்டு இல்லாதவன் ஸ்டேஷனுக்கு இன்னாத்துக்கு வரான்? நடுவுலயே எறங்கிப் போய்கினே இருப்பான். செக்கர கேட்டா, எல்லார்கிட்டயும் டிக்கெட்டு இருந்திச்சுன்னுதான் சொல்லுவாரு. அவுரு சொல்றதும் நெசம்தான்."

வண்டி தாம்பரத்தில் நின்றும் இறங்காமல் உட்கார்ந்திருந்த ரேணுகாம்பாளைச் செல்வமேரிதான் தோளைத் தட்டி எழுப்பினார்.

முப்பத்தொரு ஸ்டேஷன். நடுவில் முப்பது இடைவெளி. பாலகுரு ஸ்டேஷனில் மட்டும்தான் நின்று பார்த்திருக்கிறார்.

சூத்திரத்தின் எண்களை அச்சடித்த தாளில் ஒரு நகல் ரேணுகாம்பாளிடம் இருந்தது. 18-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, இட்லிப் பாத்திரத்தை இறக்கி வைத்ததும், மேசையில் பழைய காலண்டர் தாள்களைக் கவிழ்த்துப் போட்டு, கால்குலேட்டரோடு உட்கார்ந்தார். முதல் இடைவெளியின் நடு 30.25. அந்த இடத்தில் சூத்திரம் என்ன சொல்கிறது என்று போட்டு, போனதையும் திரும்பியதையும் கூட்டினால் 0.88. அடுத்தது 30.75. ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடம் பிடித்தது.

மதியம் சாப்பிட வந்த சிட்டிபாபு மேசையைப் பார்த்தார். "இன்னாது இது, ஜாதகமா?"

"சாதுப் பெட்டி கரண்ட் கொடுக்குதாம். எந்த இடத்துலன்னு தேடறேன்."

"பெட்டி எப்படி குடுக்கும்? உன் முதலாளிக்குப் புத்தி கீதா?"

"பெட்டி கொடுக்காது. பெட்டியோட பேப்பர் கொடுக்குது."

சிட்டிபாபு தட்டை எடுத்துக்கொண்டார். "அது நடக்கும். லாரில இருக்கறது ஒன்னு, சீட்டுல எழுதறது ஒன்னு. இரு, நானே சோறு போட்டுக்கறேன்."

பதினெட்டாவது இடம் 38.75. அதில் கூட்டுத்தொகை 1.03 வந்தது. ரேணுகாம்பாள் எண்ணைப் பார்த்தார்; மறுபடி முதலிலிருந்து போட்டார். 1.03.

ஒரே இடத்தில் வந்த எண்ணை அவர் யாரிடமும் சொல்வதில்லை. பாலகுருவும் வியாழக்கிழமை வரை பெங்களூரில் இருந்தார். திங்கள் முதல் வியாழன் வரை மதிய இடைவேளைகளிலும் இரவுகளிலும் ரேணுகாம்பாள் அந்த ஒரு இடைவெளியை நூறில் ஒன்றாகப் பிரித்துத் தேடினார். 38.60-இல் ஒன்றுக்குக் கீழே. 38.61-இல் தாண்டுகிறது. 38.72-இல் உச்சம், 1.04. 38.83-க்குப் பிறகு மறுபடி கீழே இறங்கி, 39-இல் ஒன்றும் தெரியாத பிள்ளைபோல வந்து நிற்கிறது. 1.03-ஐயும் 1.04-ஐயும் தேதியோடு நோட்டில் ஏற்றி வட்டம் போட்டார்.

23-ஆம் தேதி காலை பாலகுரு உள்ளே வந்ததும் ரேணுகாம்பாள் எழுந்து நின்றார்.

"சார், 38.72-ல உங்க மாடல் என்ன சொல்லுதுன்னு பார்த்தீங்களா?"

"அது நம்ம லிஸ்ட்லயே இல்லையே மேடம். 38.5, விட்டா 39."

"லிஸ்ட்ல இல்லாததாலதான் கேக்கறேன்."

பாலகுரு செருப்பைக் கழற்றிவிட்டுக் குளிர் அறைக்குள் போனார். பிரிண்டர் கொஞ்ச நேரம் கிறீச்சிட்டது. திரும்பி வந்தபோது கையில் தாள் இருந்தது, காலில் செருப்பு இல்லை. தாளில் 1.0403 என்று இருந்தது.

"இதை எப்படி மேடம்...?"

"கையாலதான் போட்டேன். நான் நாலு தசம தானம் போடல, ரெண்டோட நிறுத்திட்டேன்." காலண்டர் தாளைக் காட்டினார். 1.04. "இப்ப பெட்டியைக் கேப்போம். நீங்களே திருப்புங்க, நான் தொடல."

பாலகுரு பில்டரை மாட்டினார். 38.72-க்கு வைத்தார். முள்ளைப் படித்தார், கூட்டினார். 0.91. கழற்றி, கேபிளை அளந்து, மறுபடி மாட்டி அளந்தார். 0.91. மூன்றாம் முறையும் அதுவே. காயில் பிரிவிலிருந்து செல்வமேரி உட்பட ஐந்தாறு பேர் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

"பெட்டி சாது சார். உங்க பேப்பர்தான் இல்லாத சக்தியைக் கொடுக்குது. அதைத்தான் அவங்க கம்ப்யூட்டர் மறுபடி மறுபடி வாங்கிக்கிட்டே இருக்கு."

பாலகுரு அப்படியே வெறுங்காலோடு முதலாளி அறைக்குப் போனார். கதவு திறந்தேதான் இருந்தது, எல்லோருக்கும் கேட்டது.

"தப்பு என்னோடது சார். மேடம் அளவு சரி."

"கம்ப்யூட்டர் தப்பு சொல்லிடுச்சா?"

"கேட்டதுக்கு அது சரியாத்தான் சொல்லுச்சு. நடுவுல நான் கேக்கல."

தட்சிணாமூர்த்தி வெகுநேரம் மேசைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் சனிக்கிழமை அனுப்பிய கடிதத்தில், பிழை மாடலில், அளவில் இல்லை என்று எழுதி அவரே கையெழுத்திட்டார். ரேணுகாம்பாள் காயில் பிரிவுக்குப் போகவில்லை. ஆனாலும் முதலாளி வியாபாரி. "ரெண்டு பேரும் நம்ம ஆளுங்க. வெளியில ஒருத்தன் அளந்து சொல்லட்டும்" என்று சொல்லி, இருபத்துமூன்று நோட்டுகளையும் தன் பீரோவில் வைத்துப் பூட்டினார். விற்கவும் வேண்டாம், பயன்படுத்தவும் வேண்டாம். பெங்களூர்க்காரர்களும் அதையேதான் எழுதினார்கள்: ஒரு பில்டரை அங்கே ஓர் ஆய்வகத்தில் தானியங்கி இயந்திரத்தில் அளக்கக் கொடுக்கப் போகிறோம்.

அதற்குள் பாலகுரு சூத்திரத்தைத் திருத்தினார். முந்நூறு இடங்களில் பார்த்துவிட்டு, ஒன்றிலும் தாண்டவில்லை என்று சந்தோஷமாக வந்து சொன்னார்.

"அந்த முந்நூறுக்கு நடுவுல?" என்றார் ரேணுகாம்பாள்.

பாலகுரு தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு மூன்று சனிக்கிழமைகள் கிண்டிப் பக்கம் நூலகத்தில் உட்கார்ந்து ஒரு வழியோடு வந்தார். சூத்திரத்தின் எண்களைக் கொண்டே ஒரு பெரிய எண்கட்டம் அமைக்கவேண்டும். மாடல் எந்த இடத்திலாவது ஒன்று என்ற எல்லையைத் தொட்டால், தொடும் இடத்தை அந்தக் கட்டத்தின் விடையே சொல்லிவிடும். எங்கும் தொடவில்லை என்றால், ஏதாவது ஓர் இடத்தில் சரியா என்று பார்த்தால் போதும். அங்கே சரி என்றால் எல்லா இடத்திலும் சரி. இடைவெளி என்ற பேச்சே கிடையாது. ஒவ்வொரு ரயில் பெட்டியிலும் ஏறி ஒவ்வொரு பயணியையும் கேட்கிற செக்கர் அது.

செப்டம்பர் 20 அன்று பழைய மாடலை அதில் போட்டார்கள். 38.58, 38.86 என்று இரண்டு இடங்களைச் சொன்னது. ரேணுகாம்பாள் கையால் கண்டது 38.61-இலிருந்து 38.83 வரை.

"மேடம், கால்குலேட்டரை வெச்சுக்கிட்டு இவ்வளவு கிட்ட வந்திருக்கீங்க!"

ரேணுகாம்பாளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த 0.03 இரண்டு பக்கமும் ஏன் அதிகம் என்று கேட்காமல் விடவில்லை. பாலகுரு படம் போட்டுச் சொன்னார். ரேணுகாம்பாளின் கூட்டுத்தொகை பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் சக்தி கொடுத்துப் பார்க்கிறது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கொடுத்தால், அதற்கு முன்பே மாடல் எல்லை மீறக்கூடும். அன்று சாயங்காலம் இருபத்துநான்காவது நோட்டின் முதல் பக்கத்தில் ரேணுகாம்பாள் எழுதினார்: "கூட்டுத்தொகை ஒன்றைத் தாண்டினால் மாடல் தப்பு, நிச்சயம். தாண்டவில்லை என்றால் சரி என்று சொல்ல அது மட்டும் போதாது." ஐந்து ஆண்டுகள் நம்பிய தன் அளவுகோலின் எல்லையைத் தானே எழுதி வைத்தவர் அவர்.

திருத்திய மாடல் எங்கும் எல்லையைத் தொடவில்லை. அது பெங்களூருக்குப் போயிற்று.

அந்த ஆண்டு ஆயுத பூஜைக்கு முதலாளி பீரோவைத் திறந்து, நோட்டுகளை வெளியே எடுத்து அடுக்கி, தன் கையாலேயே சந்தனம் வைக்க வந்தார். "அட்டையில மட்டும் வைங்க சார்" என்றார் ரேணுகாம்பாள். பொட்டு வைத்ததும் நோட்டுகள் மறுபடி பீரோவுக்குள்ளேயே போயின. தீபாவளி போயிற்று. ஐப்பசி மழையில் முடிச்சூர் சாலை முழங்கால் தண்ணீரில் கிடந்தது. பொங்கலும் போயிற்று. தபால்காரர் வரும் நேரத்தில் ரேணுகாம்பாள் தலை நிமிர்த்துவதில்லை. செல்வமேரிதான் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்.

கடைசியில் ஒருநாள் முதலாளியே உறையைப் பிரிக்காமல் அளவு மேசைக்கு எடுத்து வந்தார். "நீயே பிரிம்மா" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு முன் அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை.

ஆய்வகம் நானூற்றொரு இடங்களில் அளந்திருந்தது. ரேணுகாம்பாள் அளந்த முப்பத்தொரு இடங்களோடு ஒப்பிட்டு, எதிலும் வித்தியாசம் 0.006-ஐத் தாண்டவில்லை என்று எழுதியிருந்தார்கள். புதிய மாடல் எங்கே போட்டாலும் கணக்கு ஏறவில்லை; ஆர்டர் தொடர்கிறது. கடைசிப் பத்தியில் ஒரு வேண்டுகோள்: இனி அனுப்பும் ஒவ்வொரு மாடலுடனும் அளவுத் தாளை இணைக்கவும், அதில் அளந்தவரின் பெயரும் கையெழுத்தும் இருக்கவேண்டும்.

பாலகுரு சத்தமாக வாசித்தார். செல்வமேரி, "இன்னாக்கா, பெங்களூரே கையெழுத்து கேக்குது, ஒரு சிரிப்பு சிரிக்கிறது!" என்றார். ரேணுகாம்பாள் சிரித்தார். பிறகு முதலாளியின் பீரோவிலிருந்து நோட்டுகளை இரண்டு நடையாகத் தூக்கி வந்து, ஒன்று முதல் இருபத்துமூன்று வரை எண்ணி, மேசையின் வலது பக்கம் அடுக்கினார். இருபத்துநான்காவது நோட்டைத் திறந்து, அன்று காலை எழுதிய 0.98-க்குக் கீழே, கடிதம் வந்து சேர்ந்த நாள் என்று அதே தேதியை மறுபடி எழுதினார்:

21-1-1992, செவ்வாய்க்கிழமை.